வதிவிடம்: கொட்டாஞ்சேனை

லட்சுமி அக்காவின் மரணச் செய்தி எனக்கு வானொலியில் வந்தது. வந்த செய்தியை, இது அவரில்லை என்று சொல்லி நானே திருப்பி அனுப்பிவிட்டேன். காலையில் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்த நேரம். மரண அறிவித்தல்கள் போய்க்கொண்டிருந்தன. யுத்தம் தொடங்கிய நாளிலிருந்து வெள்ளவத்தையில் அந்த நேரத்தில் வானொலியை நிறுத்துகிற தமிழ் வீடு இல்லை. எந்த ஊரில் யார் போய்விட்டார்கள் என்பது எங்களுக்கு அதில்தான் தெரியவருகிறது. "சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற தொலைபேசி இயக்குநர் திருமதி இராசலட்சுமி அவர்கள், கொழும்பில் தனியார் மருத்துவமனையொன்றில் காலமானார்" என்று அறிவிப்பாளர் வாசித்தார்.

பெயர் சரி, ஊர் சரி, உத்தியோகமும் சரி. ஆனால் எங்கள் லட்சுமி அக்கா இருப்பது கொட்டாஞ்சேனையில். மருத்துவமனைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். "எங்கட அக்கா இல்லையப்பா, அதே பேரிலை வேறை ஆரோ" என்று கணவருக்குச் சொல்லிவிட்டு உரலுக்குத் திரும்பினேன். இரண்டு இடி இடித்த பிறகுதான் யோசனை வந்தது. சாவகச்சேரியில் பிறந்து, கொழும்பில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற இராசலட்சுமிகள் எத்தனை பேர் இருக்க முடியும்? கையைக் கழுவிக்கொண்டு போய்க் கொட்டாஞ்சேனை முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

இல்லத்தை நடத்துகிற சிஸ்டர் ஆக்னஸ் "ஹலோ" என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த இல்லத்தில் தொலைபேசியை லட்சுமி அக்காவைத் தவிர வேறு யாரும் எடுப்பதில்லை.

"எங்கட லட்சுமிதான் பிள்ளை. நேற்றுப் பின்னேரம் தேத்தண்ணி குடிச்சிட்டு, கொஞ்சம் சரியப்போறன் எண்டு போனவ. தன்ர கட்டிலிலைதான்."

"ஆஸ்பத்திரி எண்டு ரேடியோவிலை சொன்னவை, சிஸ்டர்."

"ரேடியோவிலை அப்பிடியோ சொன்னவை?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவோடு எக்ஸ்சேஞ்சில் வேலை செய்த நண்பர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பலரும் அந்த அறிவித்தலைக் கேட்டிருப்பீர்கள். சிலர் அதை நம்பியுமிருப்பீர்கள். உங்களுக்குச் சரியான விவரத்தைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால், அக்காவின் விஷயத்தில் எது சரியான விவரம் என்பதே எனக்குக் குழப்பமாக இருக்கிறது. தெரிந்ததை எழுதுகிறேன். மிச்சத்தை நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னை அக்காவின் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள். அப்போது யாழ்ப்பாணத்துக்கு ட்ரங்க் கோல் எடுப்பதென்றால் எங்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்ததும் இரண்டு பக்கத்தையும் இணைத்து, "கதைக்கலாம்" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் அதை எரிச்சலோடும் கொட்டாவியோடும் சொல்வோம். அக்கா சொன்னால் ஒரு கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கும். லைன் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் இடையிடையே காது கொடுக்க வேண்டியிருந்தது. ஊர்ச் சாவு, கல்யாணம், சீதனச் சண்டை எல்லாம் காதில் விழும். தேநீர் நேரத்தில் அதையெல்லாம் சொல்லிச் சிரிக்காத ஒப்பரேட்டர் கிடையாது, நான் உட்பட. அக்கா மட்டும் வாய் திறக்கமாட்டார். "காதிலை விழுறது விழட்டும். மனசிலை வைக்கக்கூடாது" என்பார். பிறகு சண்டை முற்றி வடக்குக்கான லைன்கள் அறுந்துபோயின. ஆட்கள் வந்து கேட்கும்போது, "ஊர் இருக்கு, லைன்தான் இல்லை" என்று அக்கா சொல்லி அனுப்புவார். அதைக் கேட்டு அழுதவர்களும் உண்டு, ஆறுதலாகப் போனவர்களும் உண்டு.

ஓய்வுபெற்ற பிறகு அவர் தம்பியார் சிவபாலன் வீட்டில் இருந்தார். கணவர் முன்னரே போய்விட்டார். ஒரே மகன் குமரன் கனடாவில். தம்பியாரின் ஃப்ளாட் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில் இருந்தது. நல்ல மனிதர், நல்ல மனைவி. ஆனால் ஊரில் ஒவ்வொரு இடப்பெயர்வு நடக்கும்போதும் அந்த வீட்டில் இன்னும் ஒரு குடும்பம் வந்து பாய் விரிக்கும். ஹோலில் அக்கா படுத்திருக்க, அவர் காலடியில் விசாவுக்குக் காத்திருக்கிற பெடியன்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். கழிவறைக்குப் போவதென்றால் எல்லோரையும் கடந்து போகவேண்டும்.

ஒருநாள் காலை அக்கா ஒரு சூட்கேஸோடு இறங்கினார். தம்பியாரின் மனைவி கேட்டதற்கு, "நேர்சிங் ஹோமுக்குப் போறன்" என்றாராம். குழப்பம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் தொடங்கியது.

கொழும்பில் எங்களுக்கு நேர்சிங் ஹோம் என்றால் என்ன? பிரசவம் பார்க்கிற, கல்லெடுக்கிற, கர்ப்பப்பை எடுக்கிற தனியார் ஆஸ்பத்திரி. போனால் நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆகவே தம்பியார் வீட்டில் எல்லோரும் அக்காவுக்கு ஏதோ ஒப்பரேஷன் என்று முடிவு கட்டினார்கள். பொம்பிளையள் வருத்தம், வெளியே சொல்லக் கூச்சப்பட்டுத் தனியாகப் போய்விட்டார் என்று மச்சாள்மார் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். அக்கா அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்து, சுகமாக வந்து சேர்ந்தேன் என்றிருக்கிறார். தம்பியார் கேட்டது ஒரே கேள்வி: "எப்பவாம் துண்டு வெட்டுவினம்?" ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டினால்தானே வீட்டுக்கு வரலாம்? அதற்கு அக்கா, "எனக்குத் துண்டு வெட்டமாட்டினம் தம்பி, நான் இனி இஞ்சைதான்" என்றார்.

அவ்வளவுதான். இரண்டே நாளில் லட்சுமி அக்காவுக்குப் புற்றுநோய், டொக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள் என்று வெள்ளவத்தைச் சந்தைவரை கதை போய்விட்டது. என்னிடம் வந்து சொன்ன ஒருத்தி, எந்த இடத்தில் கட்டி என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கோயிலில் அக்காவின் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை நடந்தது. நானும் ஒரு தேங்காய் உடைத்தேன்.

இதற்குள் அக்கா கனடாவில் மகனுக்கும் அதே சொல்லைச் சொல்லிவிட்டார். அங்கே நேர்சிங் ஹோம் என்றால் வேறு. நடக்கமாட்டாத, நினைவு தவறிய வயதானவர்களைக் கொண்டுபோய் விடுகிற இடம். குமரன் மாமனைப் பிடித்துக் கத்தினான்: "அம்மாவை ஏன் நேர்சிங் ஹோமிலை போட்டனீங்கள்?" மாமனுக்கு விளங்கிய நேர்சிங் ஹோம் ஆஸ்பத்திரி. "நாங்கள் போடேல்லை, அவவாத்தான் போனவ. வருத்தம் வந்தால் போகத்தானே வேணும்?" என்றார். "அம்மாவுக்கு வருத்தம் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று அவன். "எங்களுக்கே சொல்லேல்லை" என்று இவர். ஒரே சொல்லை இரண்டு பேரும் இரண்டு இடமாக வைத்துக்கொண்டு சண்டை பிடித்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை முறிந்துபோனது.

தம்பியார் என்னைக் கூப்பிட்டு, போய்ப் பார்த்துவரச் சொன்னார். நோயாளிக்குக் கொடுக்கிற நெஸ்டமோல்ட் டின் ஒன்றும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு போனேன். ஓட்டோக்காரன் விலாசத்தைப் பார்த்து இறக்கிவிட்ட இடத்தில் ஆஸ்பத்திரியைக் காணோம். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லத்தின் பெயர்ப்பலகை தொங்கியது. நான் நின்ற இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டேன். புற்றுநோயென்றால்கூடத் தாங்கியிருப்பேன் போலிருந்தது. முதியோர் இல்லம் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் இதுதான்: பிள்ளைகள் கைவிட்ட ஆட்கள், மூத்திர மணம், கட்டிலோடு கட்டி வைப்பார்கள், தண்ணிப் பருப்பும் சோறும், உள்ளே போனால் பெட்டியில்தான் வெளியே வரலாம். போதாக்குறைக்குக் கன்னியாஸ்திரிகள் வேறு. கிறிஸ்தவ வேதத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

உள்ளே போனேன். விறாந்தையில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசையில் தொலைபேசி, அதற்கு முன்னால் நெற்றி நிறைய விபூதியோடு லட்சுமி அக்கா. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "திரேசம்மா, பிரான்சிலையிருந்து மகள்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். ஒரு பெரிய உடம்புக்கார அம்மா ஆடி அசைந்து வந்தார். அக்கா ரிசீவரை நீட்டி, அந்தப் பழைய குரலில், "கதைக்கலாம்" என்றார்.

பிறகு என்னைக் கண்டார். "நீர் ஏன் அழுறீர்? ஆருக்கு என்ன?"

"ஆரக்கா உங்களை இஞ்சை கொண்டந்து விட்டது?"

"ஓட்டோ" என்றார்.

நான் கற்பனை செய்து வைத்திருந்ததில் ஒன்றும் அங்கே இருக்கவில்லை என்று எழுத ஆசைதான். அது பொய். மூத்திர மணம் இருந்தது, ஒரு வார்ட்டில். பருப்பு தண்ணியாகத்தான் இருந்தது. ஆனால் யாரையும் யாரும் கட்டி வைத்திருக்கவில்லை. மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்று இரண்டு கிழவிகள் உரக்கச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிச் சட்டி இருந்தது. அக்காவின் கட்டிலுக்கு மேலே சிலுவை, கீழே அலுமாரிக்குள் பிள்ளையார். சிஸ்டர் ஆக்னஸுக்கு இரண்டும் தெரியும். வேதத்துக்கு மாற்றுகிற கதையை நான் மெல்ல எடுத்தபோது சிஸ்டர் சிரித்தார். "நான்தான் பிள்ளை மாறிக்கொண்டு வாறன். வெள்ளிக்கிழமையிலை லட்சுமி மீன் மணக்கவிடாது."

பிள்ளைகள் கைவிட்ட ஆட்களும் இருந்தார்கள். எல்லோரும் கேற்றடி ஆச்சி என்று கூப்பிடுகிற ஓர் ஆச்சி பின்னேரமானால் கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மகன்மார் ஒரு கிழமையில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லி விட்டுப் போனவர்கள், பிறகு வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு அழைப்புகள் வரும்போது ஆச்சியும் வந்து அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். கடைசியில், "எனக்கு எடுத்தவங்களோ?" என்று கேட்பார். "லைன் பிஸி ஆச்சி, கனபேர் எடுக்கினம், கிடைக்கேல்லை" என்று அக்கா சொல்வார். ஆச்சி தலையாட்டிவிட்டுப் போய்ப் படுப்பார். இது எனக்குப் பிடிக்கவில்லை. "ஏன் பொய் சொல்லுறியள்?" என்று கேட்டேன். "லைன் பிஸிதானே" என்றார் அக்கா. அது கருணையா, கொடுமையா என்று அன்றைக்கு நான் யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏன் போனார் என்பதும் அப்படித்தான். என்னிடம், "தம்பி வீட்டிலை நான் விருந்தாளியும் இல்லை, வீட்டுக்காரியும் இல்லை. இஞ்சை எனக்கொரு கட்டில் இருக்கு" என்றார். சிஸ்டரிடம், ஃப்ளாட் படி ஏற முடியவில்லை என்றிருக்கிறார். பக்கத்துக் கட்டில் திரேசம்மா ஜிந்துப்பிட்டிக்காரி, நல்ல வாய்க்காரி. அவரிடம் சொன்ன காரணம் இன்னொன்று: மகன் எடுக்கிற நேரத்தில் தம்பி வீட்டில் எப்போதும் வேறு யாராவது லைனில் நிற்கிறார்களாம். எது உண்மை? மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆளுக்கொரு லைன் கொடுத்துப் பழகியவர்.

ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "அண்டைக்கு வயோதிபர் இல்லம் எண்டு சொல்லியிருக்கலாமே, ஏன் நேர்சிங் ஹோம் எண்டனீங்கள்? ஊரெல்லாம் உங்களைச் சாகடிச்சுப் போட்டுது."

"சிஸ்டர் படிச்ச நேர்ஸ். இது ஹோம். என்ன பிழை?"

முகத்தில் சிரிப்பு இருந்தது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? சொற்களோடு முப்பது வருஷம் வேலை செய்த மனுஷி. எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வெள்ளவத்தை அடங்கவில்லை. புற்றுநோய் இல்லை என்று தெரிந்ததும், மருமகள் இல்லாத குறைக்குத் தம்பி பெண்சாதி துரத்திவிட்டாள் என்றார்கள். அக்கா என் மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியச் சடங்குக்குப் பஸ்ஸில் வந்திறங்கினார், ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். இவ்வளவு காலம் ஹோலில் படுத்து நித்திரையில்லாமல் இருந்தவருக்கு இப்போது முகத்தில் ஒரு பளபளப்பு. பார்த்தவர்களெல்லாம், "பாவம், எப்பிடி இளைச்சுப்போனா" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பலகாரத் தட்டை நடு ஹோலில் வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

கடைசியில் குமரன் புறப்பட்டு வந்தான். அம்மாவை மீட்க வந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். இல்லத்து விறாந்தையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊர் என்னைக் காறித் துப்புது அம்மா" என்றான். அவன் கெட்ட பிள்ளையில்லை. ஹெவ்லொக் டவுனில் ஒரு ஃப்ளாட் வாடகைக்கு எடுத்தான், சமையலுக்கும் துணைக்கும் ஹட்டன் பக்கத்து அம்மா ஒருவரை அமர்த்தினான், ஃப்ரிட்ஜ் நிறையச் சாமான் வாங்கிப் போட்டான். அக்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் அவனோடு போனார். எனக்கு அதிசயமாக இருந்தது. விமானத்துக்குப் போகிற அன்று அவனைக் கட்டிப்பிடித்து, "நல்ல இடம் ராசா, நான் இஞ்சையே இருப்பன்" என்றார். நானும் நம்பினேன்.

அவன் விமானம் போன மறுநாள் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "சுகந்தி, ஓட்டோ ஒண்டு பிடிச்சுக்கொண்டு வாரும்." சூட்கேஸ் கட்டி வாசலில் இருந்தது.

"பிறகேன் மகனுக்கு இஞ்சையே இருப்பன் எண்டனீங்கள்?"

"அவனுக்குப் பிளேனிலை நித்திரை வரவேண்டாமோ?"

கொட்டாஞ்சேனைக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அப்போது கோட்டைப் பக்கம் குண்டு வெடித்து அதிக நாள் ஆகவில்லை. சிப்பாய் அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்தான். விலாசம் சாவகச்சேரி. "கெதர கொஹெத?" என்று கேட்டான், வீடு எங்கே என்று. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல சிங்களத்தில், "மகே கெதர கொட்டஹேனே" என்றார். என் வீடு கொட்டாஞ்சேனையில். வீட்டில் யார் யார் என்று கேட்டான். "கொடக் அய இன்னவா" என்றார். நிறையப் பேர் இருக்கிறார்களாம்.

சாவகச்சேரி அட்டை. கையில் சூட்கேஸ். கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு, உள்ளே நிறையப் பேர். சிப்பாயின் முகம் மாறிவிட்டது. எங்களை இறக்கி ஓரமாக நிறுத்தினான், சூட்கேஸைத் திறக்கச் சொன்னான், பெரியவனைக் கூப்பிட்டான். சொந்தக்காரரா, லொட்ஜா, யாருடைய வீடு என்று பெரியவன் கேட்டான். அக்கா அசையவில்லை. "மகே கெதர." என் வீடு. மூன்றாம் தடவையும் அதையே சொன்னார். முதியோர் இல்லம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். அக்கா வாயிலிருந்து அது வரவேயில்லை. பெரியவன் ஜீப்பைப் பார்த்துக் கையைக் காட்டினான். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான், "மாத்தயா, வெடிஹிடி நிவாச" என்று கத்தினேன். சிஸ்டர்மார் நடத்துகிற முதியோர் இல்லம், இவர் அங்கே இருக்கிற ஆள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டினேன். பெரியவன் அக்காவை ஏற இறங்கப் பார்த்து, "அனே பவ்" என்றான். பாவம் என்று அர்த்தம். போகச் சொன்னான்.

இல்லத்துக் கேற்றில் இறங்கும்போது அக்கா சொன்னார்: "அவன் வீட்டைக் கேட்டான். நான் வீட்டைச் சொன்னனான். நீர் ஏன் என்னை அவனுக்குப் பாவமாக்கினனீர்?"

எனக்குக் கோபம் வந்தது. ஜீப்பில் ஏற்றியிருந்தால் அன்றிரவு எங்கே படுத்திருப்பார் என்று திருப்பிக் கேட்டேன். இன்றைக்கு நடந்தாலும் நான் அதையேதான் கத்துவேன். ஆனால் ஒன்று விளங்கவில்லை. சொந்தத் தம்பிக்கு நேர்சிங் ஹோம் என்றவர், மகனுக்கு நேர்சிங் ஹோம் என்றவர், துவக்கோடு நிற்கிறவனுக்கு மட்டும் ஏன் வீடு என்றார்? உயிர் போகிற இடத்தில் போய் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களா?

கனடாவில் இறங்கிய குமரன் ஹெவ்லொக் டவுனுக்கு எடுத்திருக்கிறான். துணைக்கு இருந்த அம்மா, "பெரியம்மா நேர்சிங் ஹோமுக்குப் போயிட்டாங்க தம்பி" என்று சொல்லியிருக்கிறார். அவனுக்கு இப்போது கொழும்பு அர்த்தம் தெரியும். பதறியடித்து எனக்கு எடுத்தான். "அம்மாவுக்கு என்ன வருத்தம் அன்ரி?" "ஒரு வருத்தமும் இல்லை." "அப்ப ஏன் நேர்சிங் ஹோம்?" "இது எங்கட நேர்சிங் ஹோம் இல்லைத் தம்பி, உங்கட நேர்சிங் ஹோம்" என்றேன். பிறகு ஞாயிறு தவறாமல் இல்லத்துக்கு எடுத்தான். மற்றவர்களுக்கு வந்த அழைப்புகளையெல்லாம் முடித்துவிட்டு, தன் மகனோடு கடைசியாகத்தான் அக்கா பேசுவார். ஆச்சி அதற்குள் படுத்துவிடுவார். அதற்காகத்தான் அப்படிச் செய்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்.

அக்காவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு நான் சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் போனேன். சிவபாலன் அண்ணை வாசலில் நின்றார்.

"வெள்ளவத்தை எண்டு ஏன் போட்டனீங்கள்? ஆஸ்பத்திரி எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"பின்னை என்னெண்டு போடுறது தங்கச்சி? பிள்ளை இருக்க, சகோதரம் இருக்க, ஹோமிலை செத்தவ எண்டோ?" என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். "வீட்டு ஆக்களின்ர பொலிஸ் பதிவிலை அக்கான்ர பேரை நான் ஒருநாளும் வெட்டேல்லை. ஒவ்வொரு முறையும் வந்து கேக்கேக்கை, கோயிலுக்குப் போட்டா, கடைக்குப் போட்டா எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான். அவ எந்த நேரமும் வரலாம் எண்டுதான்."

ஆள் குறைந்தாலும் கூடினாலும் பிடித்துக்கொண்டு போகிற காலத்தில், இல்லாத அக்காவை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு இந்த மனிதர் இத்தனை காலம் இருந்திருக்கிறார். போய் உள்ளே உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இல்லத்து வான் வந்தது. சிஸ்டர் ஆக்னஸ், திரேசம்மா, மின்விசிறிக்குச் சண்டை பிடித்த இரண்டு கிழவிகள், கேற்றடி ஆச்சி எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்கி, நேரே முன்வரிசைக்குப் போய்ச் சொந்தக்காரர் இடத்தில் உட்கார்ந்தார்கள். மச்சாள் ஒருத்தி முகத்தைச் சுளித்து, "ஆர் இவை?" என்று கேட்டாள். திரேசம்மா திரும்பிப் பார்த்து, "வீட்டு ஆளுங்க" என்றார்.

குமரனால் வர முடியவில்லை. மாமனின் கைத்தொலைபேசிக்கு எடுத்தான். அம்மாவின் காதுக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லிக் கேட்டானாம். மாமன் போனை என்னிடம் தந்துவிட்டார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, போனை அக்காவின் காதோடு வைத்தேன். இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்போது சொல்கிற சொல் அது. ஒரு பக்கம்தான் இருந்தது. ஆனாலும், "கதைக்கலாம்" என்றேன். குமரன் கதைத்தான். எல்லாம் என் காதில் விழுந்தது. மனசில் வைக்கவில்லை.

வானில் ஏறும்போது கேற்றடி ஆச்சி என் கையைப் பிடித்தார். "இனி லைன் ஆர் பாக்கிறது?" என்று கேட்டார்.

போன ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மேசையில் உட்கார்ந்தேன். பிரான்சிலிருந்து வந்தது, நோர்வேயிலிருந்து வந்தது, ஆட்களைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். என் குரலில் அக்காவின் சொல் அவ்வளவு நன்றாக வரவில்லை. ஆச்சி பக்கத்தில் குந்தியிருந்து கடைசியில் கேட்டபோது, "லைன் பிஸி ஆச்சி" என்றேன். சரியா பிழையா தெரியாது, வாயில் வந்துவிட்டது. லட்சுமி அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் கதிரையும் அந்த இரண்டு சொல்லும்தான். அவரை நினைத்தால் எனக்கு இன்னும் அழுகை வருகிறது, கோபமும் வருகிறது. அடுத்த ஞாயிறும் போவேன்.

சிவபாலன் அண்ணை என்னை மன்னிக்க வேண்டும். வானொலியில் வாசித்ததில் ஒரு திருத்தம். சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும், கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் கொண்ட, டெலிபோன் ஒப்பரேட்டர் திருமதி இராசலட்சுமி அவர்கள், தன் வீட்டில் காலமானார்.